முடி வளர்ந்த பிறகு

அடுத்தவர் பிள்ளையின் வைத்தியத்துக்காக ஊரிடம் கேட்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது முகம். தகர டப்பாவின் மூடியில் துளை போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பஸ் ஸ்டாண்டையாவது சுற்றி வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிச் சுற்றாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி மேசைக்காரன். பத்தாவதோடு நின்றவன். யாத்திரைக்காரர்கள் அறையில் விட்டுப்போகிற பேப்பரையும் புத்தகத்தையும் படித்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். காலை ஆறு மணிக்குச் சாவிகளை ஒப்படைத்துவிட்டு அக்காள்மடத்தில் இருக்கிற என் ஒற்றை அறைக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. தூக்கம் வராதவனுக்குப் பகல் ரொம்ப நீளம். அதை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இந்த வேலைக்குள் வந்தேன். என்னைப்போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். சங்கம், பதவி, பேனர் எதுவும் கிடையாது. ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மதுரைக்கும் ஊருக்கும் அலையும்போது, அந்த அலைச்சலுக்கு ஆகிற செலவைக் கேட்டு வாங்கிக் கொடுப்போம்.

டப்பாவில் நான் ஒட்டிய மூன்றாவது படம் தர்ஷினி. முதல் படத்துப் பையன் இப்போது எட்டாவது படிக்கிறான். இரண்டாவது படத்தை உரித்தெடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. தர்ஷினிக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா முனியசாமி, திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊர்க்காரன், மிளகாய் விவசாயி. எனக்குத் தம்பி முறை.

அட்டை

வசூலுக்குப் போகிற எல்லோருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கும். எங்களுக்குக் காத்திருப்பது, "அதான் கவர்மெண்டு காப்பீட்டு அட்டை இருக்குல்ல?" என்பது. அதற்கு நான் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அட்டை மருந்துக்கு ஆகும். பஸ் கண்டக்டர் அட்டையை வாங்க மாட்டார். பிள்ளை கட்டிலில் படுத்திருக்க, கீழே துண்டு விரித்துப் படுத்திருக்கிற தாய்க்கு மூன்று வேளையும் பசிக்கும். ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பிய பிறகும், காய்ச்சல் வந்தால் உடனே ஓடுவதற்காகப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கச் சொல்வார்கள். தகப்பனுக்குக் கூலி போகும். இப்படி ரெண்டரை வருஷம்.

சாப்பாட்டு ஹோட்டல் முதலாளி ஒருவரிடம் இதை முழுதாகச் சொன்னேன். இலை எடுப்பவரைக்கூட அதட்டாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நம் பேச்சு ஒரு மனிதரை அசைத்துவிட்டதே என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை. பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எல்லாஞ் சரிண்ணே. அந்த அட்டைய எங்கன குடுக்கிறாக? எனக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணி விடுங்களேன்."

படத்துக்குப் பிரசாதம்

லாட்ஜ் மேசையில் ஒரு டப்பா வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். அதில் ஒட்டியிருந்தது, மருந்து ஏற்றிய முதல் மாதங்களில் எடுத்த தர்ஷினியின் படம். மொட்டைத் தலை, ஊதிய முகம், பெரிய பெரிய கண்கள். தமிழில் நாலு வரி எழுதி ஒட்டியிருந்தேன். எங்கள் லாட்ஜில் தங்குவோரில் முக்கால்வாசிப் பேர் வடக்கிலிருந்து வருகிறவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு காலையில் தீர்த்தமாடிவிட்டு ஈரப் புடவையோடு வந்த வயதான அம்மா ஒருவர் டப்பாவின் முன்னால் நின்றார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து ரூபாய் போட்டார். போட்டுவிட்டு வலது கையைக் குழித்து நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் பாஷை தெரியாது. நோய் என்பதை ஊசி குத்துகிற மாதிரி சைகையில் காட்டினேன். அவர் இன்னும் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. பின்னால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ராக்கு அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்தம்மா எம்புட்டு நேரம் கைய நீட்டிக்கிட்டு நிக்கும்? ஒரு சிட்டிகை திருநீத்தைக் குடுத்து அனுப்புப்பா. நம்ம புள்ளை சாமியாவே இருந்துட்டுப் போகட்டும்."

நாலு தடவை விற்ற மீன்

கடற்கரையில் வாங்குவதுதான் எனக்குக் கொஞ்சம் லேசான வேலை. அங்கே யாரும் அட்டையைப் பற்றிக் கேட்பதில்லை. படகு கரைக்கு வந்ததும் ஏலம் விடுகிற அந்தோணி, ஒரு படகுக்காரர் தர்ஷினிக்கென்று ஒதுக்கிய பெரிய பாறை மீனைத் தூக்கிப் பிடித்தார். விலை ஏறியது. எடுத்த வியாபாரி காசைக் கொடுத்துவிட்டு, "மீனு புள்ள பேருக்கே இருக்கட்டும், மறுக்கா ஏலம் விடு" என்றார். கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுகிற மாதிரி. அடுத்தவரும் அதே மாதிரி எடுத்து அதே மாதிரி விட்டுக்கொடுத்தார். மூன்றாமவருக்கு வேறு வழியில்லை. முன்னவர்களைவிடச் சின்ன மனசுக்காரர் என்று பெயர் வாங்க முடியுமா?

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் நன்றி சொல்லிச் சொல்லி வாய் வறண்டு நின்றேன். நாலாவது சுற்றில் கூடைக்காரி ஆரோக்கியம் விலை சொல்லி எடுத்தார். அந்தோணி மறுபடி மீனைத் தூக்கப் போக, அவர் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டார்:

"ஏலே அந்தோணி, இன்னொரு சுத்து விட்டியன்னா இது கருவாடு. குடு இங்கன, நான் கொழம்பு வைக்கணும்."

முடி

எட்டு மாதத்தில் கடுமையான மருந்துகள் முடிந்தன. இனி தினமும் மாத்திரை, மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய் ரத்தம் பார்த்து ஊசி போட்டுக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். தர்ஷினிக்கு முடி முளைத்தது. முளைப்பாரிச் சட்டியில் பயறு முளைப்பது போல ஒரே மாதிரி, நெருக்கமாக. அவளுடைய அம்மா பஞ்சவர்ணம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "டப்பாவுல அந்தப் படத்தை மாத்திருங்க மச்சான். எம்புள்ளைய மொட்டைத் தலையோட ஊரெல்லாம் பார்க்க வேணாம்." மாற்றினேன். புதுப் படத்தில் நெற்றியில் விழுகிற முடியோடு, முன்பல் இரண்டு இல்லாமல் சிரிக்கிறாள்.

நீங்கள் யாராவது இந்த வேலையில் இருந்தால் என் அனுபவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: சிரிக்கிற படத்தை ஒட்டாதீர்கள். டப்பாக்கள் அன்றோடு லேசாகிவிட்டன. இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கிறது என்றால், பார்க்கிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நான் கொஞ்சம் திருடனாகத் தெரிந்தேன். அக்காள்மடத்தில் தன் டீக்கடை மேசையில் எங்கள் டப்பா ஒன்றுக்கு இடம் கொடுத்திருந்த காசீம் பாய் நல்ல மனிதர். படத்தைத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாஷா அல்லாஹ், புள்ள தேறிருச்சு. அப்ப இந்த டப்பாவ எடுத்துக்கிறீகளா தம்பி? முறுக்கு பாட்டில் வைக்க எடமில்லாம கிடக்கு."

களத்தில்

தை மாதக் கடைசியில் முனியசாமி மதுரைக்குப் போகவில்லை. எனக்குச் செய்தி தெரிந்தபோது மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி, பாம்பன் பாலத்தில் ஜன்னலோரம் தூங்காமல் கண் எரிய எரிய ஊருக்குப் போனேன். களம் முழுக்க மிளகாய். முனியசாமி காலால் கோடு போடுகிற மாதிரி அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான்.

"பழம் சிவந்து நிக்கிதுண்ணே. ஆளுக கேக்கிற கூலியக் குடுக்க முடியல. நானும் இவளும் விடியமுன்ன இறங்கிப் பறிச்சாத்தான் ஆச்சு. மூணு நாள் அங்கன போயிக் கிடந்தா, களத்துல கிடக்கிறதை யாரு கிளறிவிடுவா? ஒரு பக்கம் வெளுத்துப் போச்சுன்னா வியாபாரி தொடமாட்டான். இதை நம்பித்தான் வருசம் பூராவும்." நான் அங்கேயே நின்று ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்கு ஃபோன் போட்டு, அவன் காதில் வைத்தேன். அந்தம்மா சொன்னது எனக்கும் கேட்டது: பார்க்க நல்லாயிருக்கிற பிள்ளைகளைத்தான் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்திய பிள்ளைக்குத் திரும்ப வந்தால் ரொம்பக் கஷ்டம், உடனே கூட்டிவாருங்கள். முனியசாமி "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். என்னிடம் அவன் கையில் கொடுக்க ஒரு ஆள் கூலிக்குக்கூடக் காசில்லை. களத்தின் ஓரத்தில் தர்ஷினி ஒரு தட்டானைத் துரத்திக்கொண்டு மூச்சிரைக்க ஓடினாள். அவன் கையை நீட்டினான்:

"அந்தா பாருங்க. நீங்களே சொல்லுங்கண்ணே, அதுவா சீக்குக்காரி?"

சிவராத்திரி

சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். ராமேஸ்வரத்தில் லாட்ஜுகள் நிரம்பி வழியும் என்பதால் எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. மறுநாள் காலையில், சாவியை ஒப்படைக்கிற நேரத்தில் என் ஃபோன் ஓயாமல் சத்தம் போட்டது. யார் யாரோ காசு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் அந்த வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தேன். தர்ஷினி. மொட்டைத் தலை. கீழே, "சிறுமிக்கு மறுபடியும் புற்றுநோய் வந்துவிட்டது, உதவுங்கள்" என்று எழுதி, முன்பு நான் உதவி கேட்டு அனுப்பிய பழைய செய்தியிலிருந்து என் நம்பரையும் சேர்த்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை இல்லாத அந்தப் பன்னிரண்டு நாள்தான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ நாள். பஞ்சவர்ணத்துக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் கொட்டுச் சத்தம். முதல் மாதத்தில் பிள்ளையின் முடி தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தபோது அவள் ஒரு நேர்த்திக்கடன் நேர்ந்திருந்தாளாம். படம் எடுத்தது அவர்கள் சொந்தக்காரப் பெண். கும்பிடுகிற கை எமோஜியைப் போட்டு ஊர் குரூப்பில் அனுப்பியிருக்கிறாள். மீதியெல்லாம் ஊர் எழுதியது. பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏன் மச்சான் பதறுறீக? முடி திரும்ப முளைச்சா உனக்கே தாரேன்னு சாமிகிட்டச் சொல்லியிருந்தேன், குடுத்துட்டேன். ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரி புது பிளேடுதான் போட்டோம்."

வாய் திறக்காத இரண்டு நாள்

இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காசீம் பாய் கண் கலங்கி ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அந்தோணி ஒரு முழுக் கூடையை ஏலம் விட்டு அனுப்பினார், வாங்கிக்கொண்டேன். அட்டை கேட்ட ஹோட்டல்காரர்கூட இருநூறு கொடுத்தார். ஒரு வருஷத்துப் போக்குவரத்துக்கும், களத்தில் ஆள் வைக்கவும் போதுமான காசு. ஆறு மாதம் நாயாக அலைந்து உண்மையைச் சொன்னபோது வராத காசு. "நீ பொய் சொல்லலையே, அவுகளா நெனச்சுக்கிட்டாக" என்றார் ராக்கு அக்கா. நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முனியசாமி லாட்ஜுக்கே வந்துவிட்டான். பறிப்பை விட்டுவிட்டு, மிளகாய்க் கறை படிந்த வேட்டியோடு. எப்போதும் உட்காரச் சொன்னால் உட்காருகிறவன், உட்காரவில்லை. "எம்புள்ளைக்குத் திரும்பி வந்துருச்சுன்னு சொல்லிக் காசு வாங்குறீகளாம்ல? அந்தக் காசுல நாங்க சோறு தின்னா அது நெசமாவே வந்துரும்ணே. போயிச் சொல்லுங்க. ஒரு ஆள் விடாம சொல்லுங்க." மேசையிலிருந்த டப்பாவைப் பார்க்கக்கூட அவன் விரும்பவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மாத்திரை இல்லாமல் பிள்ளையை வைத்திருக்கிறவன் எனக்கு நியாயம் சொல்கிறானா? "சரிலே, வீடு வீடாப் போயிச் சொல்றேன். காசைத் திருப்பிக் கேட்டாலும் குடுத்துர்றேன். ஆனா செவ்வாக்கெழமை காலையில நீ அவளைக் கூட்டிக்கிட்டு மதுரை பஸ்ஸுல இருக்கணும். களத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ராத்திரியெல்லாம் விழித்து மெலிந்த இந்த உடம்பு மிளகாய் கிளறுமா என்று யோசித்திருப்பான். கடைசியில் சொன்னான்:

"மொதல்ல நீங்க போயிச் சொல்லிட்டு வாங்க. நான் பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

திருப்பிக் கேட்டவர்கள்

காசு கேட்கப் போவதைவிட, கொடுத்த காசு தப்பான காரணத்துக்காகக் கொடுத்தது என்று சொல்லப் போவது கஷ்டம். ஃபோனில் அனுப்பியவர்களுக்கு ஒரே செய்தியாக எழுதினேன்: பிள்ளைக்குத் திரும்ப வரவில்லை, மொட்டை சாமிக்குப் போட்டது, வைத்தியம் மட்டும் இன்னும் பாக்கி, வேண்டுமென்றால் திருப்பி அனுப்புகிறேன். கொஞ்சம் பேர் வேண்டும் என்றார்கள், அனுப்பினேன். நிறையப் பேர் பதிலே போடவில்லை. ஹோட்டல்காரர் இருநூறை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார். முன்பு போட்ட இருபதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தோணி, "வரலைன்னா நல்ல சேதிதான? அதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாறீக?" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

காசீம் பாயிடம்தான் எனக்குப் பயம். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. டீ ஆற்றுகிற டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நான் அன்னைக்குப் புள்ளைய நெனச்சுக்கிட்டே சீனி போட மறந்து, ஒரு ஆள் என்னைய வஞ்சுட்டுப் போனான். அதத் திருப்பித் தருவீகளா? காசு கிடக்கட்டும். டப்பாவக் கொண்டாங்க, முறுக்கைத் தள்ளி வச்சுக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை

நாலு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே ஊருக்குப் போய்விட்டேன். முனியசாமி களத்தில் நிறுத்தி எனக்குப் பாடம் நடத்தினான்: எத்தனை மணிக்கு விரிக்க வேண்டும், எப்போது கிளற வேண்டும், பனி இறங்குமுன் எப்படி அள்ளி மூட வேண்டும். செவ்வாய் காலையில் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். தர்ஷினி மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மூக்கையும் வாயையும் மூடிய துணியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்று நாளும் நான் களத்தில் கிளறினேன். கண்ணும் மூக்கும் எரிந்து, தும்மித் தும்மி, வாழ்க்கையில் முதல் முறையாகப் பகலில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெளுத்துத்தான் போயிற்று. முனியசாமி திரும்பி வந்ததும் அதைத் தனியாக ஒதுக்கினான். மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுத்திருந்தார்கள். விட்டுப்போன நாட்களுக்கு நர்ஸம்மா நன்றாகத் திட்டினாராம். ரத்தத்தில் இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை என்றார்களாம். அந்த 'இப்போதைக்கு' என்பதைத்தான் மாதாமாதம் போய் வாங்கி வரவேண்டும்.

பஸ் கிளம்பும்போது நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. ஜன்னல் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்து, நர்ஸம்மாவின் அதே அதட்டலோடு என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"பெரியப்பா! மிளகா கிளறிட்டுக் கண்ணத் தொடக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவணும். ரெண்டு தடவ!"

இத்தனை காலம் டப்பாவோடு அலைந்ததில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: மொட்டைத் தலைக்குக் காசு கேட்க டப்பாவே போதும், முடி வளர்ந்த தலைக்குக் கேட்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.